150 ஆண்டுப் புயல் கணக்கு: ஏறும் கோட்டை எப்படிச் சரிபார்ப்பது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளியில் புவியியல் கற்பிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார்: "1871-லிருந்து வட அட்லாண்டிக்கிலும் ஐரோப்பாவிலும் புயல்கள் கூடிக்கொண்டே வந்திருப்பதாக ஒரு வரைபடம் பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டே போகிறது. 2017 பினாங்கு வெள்ளத்தைச் சின்ன வயதில் பார்த்த என் மாணவர்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். அப்பாவும் 'எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்ல' என்கிறார். நேரடி வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு நிற்குமா? நம் ஊருக்கு இதை எப்படிப் பார்ப்பது?"

கோட்டின் பின்பாதி, அதாவது 1950-க்குப் பிந்திய பகுதி, பெரும்பாலும் நிற்கும் தம்பி. முன்பாதி நிற்காது. இதை நீங்கள் வகுப்பில் சொல்லப்போகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பினாங்கிலும் கெடாவிலுமாக 27 ஆண்டுகள் வானிலை நிலையங்களில் கருவிகளின் அளவுகளைக் குறித்தவன் நான். ஒரு எண் பதிவேட்டில் ஏறுவதற்கு முன் அதற்கு என்னென்ன நேரலாம் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில், அந்த வரைபடம் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். 1871 என்ற ஆண்டைக் கண்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமும் கொலராடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய '20-ஆம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு' அது. அதன் இரண்டாம் பதிப்பு 1871-இல் தொடங்குகிறது. மறுபகுப்பாய்வு என்பது நேரடிப் பதிவு அல்ல. இன்றைய வானிலைக் கணிப்புக்குப் பயன்படும் கணினி மாதிரி ஒன்றை எடுத்து, பழைய தேதிகளுக்கு ஓடவிடுகிறார்கள். நிலையங்களும் கப்பல்களும் குறித்துவைத்த காற்றழுத்த அளவுகளை மட்டும் அதற்கு ஊட்டுகிறார்கள். கடல்மட்ட வெப்பநிலையையும் கடல்பனியையும் எல்லைகளாகக் கொடுக்கிறார்கள். மற்றதையெல்லாம், காற்று, மேகம், மழை எல்லாவற்றையும், மாதிரியே கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஒரு முறை அல்ல, ஒரே நாளை 56 முறை, சற்றே வேறுபட்ட தொடக்கங்களோடு. அற்புதமான வேலை அது. 1870-களில் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலைப் படத்தை உலகம் முழுமைக்கும் பார்க்க முடிவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் 1870-களில் அதற்கு ஊட்ட எத்தனை அளவுகள் இருந்தன? மேற்கு ஐரோப்பாவில் ஓரளவு. கடலில் ஓடிய கப்பல்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக. 1950-ஐ நெருங்கும்போது பல மடங்கு. பதிவு இருக்கும் இடத்தில் 56 ஓட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பதிவு இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். ஒன்று புயலை இங்கே வைக்கும், இன்னொன்று 500 கிலோமீட்டர் தள்ளி வைக்கும், மூன்றாவதில் புயலே இருக்காது. இவற்றின் சராசரியை எடுத்தால் புயல் கரைந்து மெல்லிய தாழ்வழுத்தமாகிவிடும். நிலையங்கள் கூடக் கூட அதே வலிமையுள்ள புயல் கூர்மையாகத் தெரியத் தொடங்கும். கோடு ஏறும்.

புகைமூட்டக் காலத்தில் பட்டர்வொர்த் ஃபெர்ரியிலிருந்து ஜார்ஜ்டவுனைப் பார்த்திருப்பீர்கள். கொம்தார் கோபுரம்கூடத் தெரியாது. மூட்டம் விலக விலக ஒவ்வொரு கட்டடமாக வெளியே வரும். தெரிந்த கட்டடங்களை நாள்தோறும் எண்ணி வரைபடம் போட்டால், ஒரே வாரத்தில் பினாங்கில் கட்டுமானம் பெருகிவிட்டதாகக் கோடு சொல்லும். மாணவர்களுக்கு இதையே சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சரி, இது வெறும் சந்தேகமா, சரிபார்க்கப்பட்டதா? 2013-இல் ஜெர்மனியில் ஒலிவர் க்ரூகரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். அவர்கள் கையாண்ட வழி முக்கோண முறை. எனக்கு மிகவும் பிடித்த முறை இது, ஏனென்றால் காற்றழுத்தம் அளக்கும் பாரமானியும் ஒழுங்காக எழுதும் ஒரு கையும் மட்டும் போதும்.

ஒரு முக்காலியின் மூன்று கால்களின் உயரம் தெரிந்தால் பலகை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல மூன்று ஊர்களில் ஒரே நேரத்துக் காற்றழுத்தம் தெரிந்தால், அந்த முக்கோணத்தின் மேல் அழுத்தம் எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்று கணக்கிடலாம். நடு அட்சரேகைகளில் அந்தச் சரிவும் பூமியின் சுழற்சி விசையும் சேர்ந்துதான் காற்றின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆக மூன்று பாரமானிகளிலிருந்து ஒரு காற்றுவேகம் கிடைக்கும். ஆண்டு முழுக்க அப்படிக் கணக்கிட்டு, மிகப் பலமான 5 விழுக்காடு, 1 விழுக்காடு நேரங்களில் காற்று எப்படி இருந்தது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் அதுதான் புயல் குறியீடு.

காற்றை அளக்கத்தான் கருவி இருக்கிறதே, ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்பீர்கள். வடக்கில் நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேலியோரமாக நட்ட மரங்கள் ஏழெட்டு ஆண்டுகளில் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டன. அப்புறம் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. எங்கள் காற்றுவேகமானி காட்டிய சராசரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. பிறகு கருவியைத் திறந்தவெளிக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் காற்று 'பலமாகி'விட்டது. இடம் மாற்றிய தேதியைப் பதிவேட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலில் குறித்திருந்தார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால், பின்னால் வரும் ஓர் ஆய்வாளர் அதைப் பருவநிலை மாற்றம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார். காற்றழுத்தத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. மரம் வளர்ந்தால் பாரமானிக்குத் தெரியாது. கட்டடத்துக்குள் வைத்தாலும் வெளியில் வைத்தாலும் ஒரே அளவுதான்.

முக்கோணங்களையும் மறுபகுப்பாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இரண்டும் ஒத்துப்போயின. 1940-களுக்குப் பின்னோக்கிப் போகப் போக விலகின. மறுபகுப்பாய்வு தொடர்ந்து ஏறுவதாகக் காட்டிய இடத்தில், முக்கோணங்கள் வேறு கதை சொல்லின. வடகிழக்கு அட்லாண்டிக்கில் 1880-கள் வாக்கில் புயல் நிறைய. பிறகு மெல்ல இறங்கி 1960-களில் அடிமட்டம். அங்கிருந்து 1990-களின் தொடக்கம்வரை வேகமாக ஏற்றம். பிறகு மீண்டும் இறக்கம். நீண்ட காலத்தில் ஏறும் போக்கு என்று ஒன்றும் இல்லை, அலை மட்டும்தான். 1990-களிலேயே வாசா என்ற ஐரோப்பியத் திட்டம் இதே முடிவுக்கு வந்திருந்தது. 2004-இல் பாரிங், ஃபோன் ஸ்டோர்ஹ் இருவரும் ஸ்வீடனின் லுண்ட், ஸ்டாக்ஹோம் ஆகிய இரண்டு ஊர்களின் பாரமானிப் பதிவுகளை 1800-ஐ ஒட்டிய காலம்வரை பின்னோக்கிப் பார்த்தபோதும் நீண்டகாலப் போக்கு எதையும் காணவில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி வைக்கலாம். அந்த அலையின் 1960 முதல் 1993 வரையுள்ள துண்டை மட்டும் வெட்டிக் காட்டுங்கள். புயல் பயங்கரமாகப் பெருகுகிறது என்பார்கள். 1880 முதல் 1960 வரை காட்டுங்கள். புயலே ஒழிந்துவிடும் போலிருக்கிறது என்பார்கள். இரண்டுமே ஒரே பதிவேடு.

மறுபகுப்பாய்வுக் குழுவினர் இதற்குச் சும்மா இருந்துவிடவில்லை. உங்கள் நிலையப் பதிவுகளே எல்லாக் காலத்திலும் பிழையில்லாதவையா என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு முக்கோணத்தின் ஒரு மூலையில் பாரமானி இரண்டு மில்லிபார் (காற்றழுத்த அலகு) பிசகினால் இல்லாத புயல் பிறந்துவிடும். இரண்டு பக்கமும் மோதியதில் இரண்டு பக்கப் பதிவுகளும் சுத்தமாயின. 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு 1836-இலிருந்தே தொடங்குகிறது, ஓட்டங்கள் 80, புதிதாக மீட்கப்பட்ட பழைய அளவுகள் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. அதே ஆண்டில் க்ரூகர் குழு முக்கோணங்களை மறுபடி கணக்கிட்டபோதும் நீண்டகாலப் போக்கு தெரியவில்லை. அதனால் நீங்கள் பார்த்த வரைபடம் எந்தப் பதிப்பு, 56 ஓட்டங்களின் சராசரியா, ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியே எண்ணியதா என்று பாருங்கள். இவை எதுவும் குறிப்பிடப்படாத வரைபடத்தை நான் வகுப்புச் சுவரில் ஒட்டமாட்டேன்.

இனி நம் பக்கம் வருவோம். பாயான் லெப்பாஸ், அலோர் ஸ்டார், ஈப்போ என்று மூன்று பாரமானிகளை வைத்து இதையே செய்ய ஆசை வரும். செய்ய முடியாது. பினாங்கு இருப்பது வடக்கே 5.4 பாகையில். பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் அந்தத் திருப்பம், வடகடலில் இருப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் இங்கே இருக்கிறது. அழுத்தச் சரிவிலிருந்து காற்றை நேராகக் கணக்கிட முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் ஊரில் பாரமானிக்கு நாள்தோறும் ஏற்றவற்றம் உண்டு, கடலில் இருப்பதைப் போல. காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம். மாலை 4, அதிகாலை 4 மணியளவில் தாழ்வு. வானம் தெளிந்து கிடந்தாலும் காலைக்கும் மாலைக்கும் இடையே 3 மில்லிபார் அளவுக்கு இறங்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் மாலை நேரத்தில் பதறிப்போய் ஓடிவருவார்கள். அப்படியென்றால் பழைய பதிவேட்டில் எந்த மணிக்கு வாசித்தார்கள் என்பது உயிர்நாடியான கேள்வி. இங்கேதான் மலேசியாவுக்கே உரிய ஒரு சிக்கல். தீபகற்பத்தில் கடிகாரமே பல முறை மாறியிருக்கிறது. கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது 1933-இல் 7 மணி 20 நிமிடம் ஆனது. 1941-இல் 7 மணி 30. 1942-இல் ஜப்பான்காரர்கள் வந்து தோக்கியோ நேரத்தை வைத்தார்கள், 9 மணி நேரம். போர் முடிந்து மறுபடி 7.30. 1982 ஜனவரி 1-லிருந்து 8. பதிவேட்டில் எல்லாம் 'காலை 9 மணி' என்றுதான் இருக்கும். சூரியனுக்கு அது ஒரே 9 மணி இல்லை.

பாரமானியிலும் திருத்தம் தேவை. பாதரசம் சூட்டில் விரியும். அறை 28 டிகிரி இருந்தால் திருத்தாத அளவு 4 மில்லிபாருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். பழைய தாளில் எழுதியிருப்பது திருத்தியதா, திருத்தாததா என்று தெரியாமல் ஒரு வரைபடமும் போடக்கூடாது.

அப்படியானால் வெப்பமண்டலத்தில் புயல் போக்கை எதை வைத்துத்தான் பார்ப்பது? சூறாவளிகளைப் பொறுத்தவரை கேள்வி மிக எளிது: அங்கே அப்போது யார் இருந்தார்கள்?

2001 டிசம்பர் 27. ஜொகூரின் தென்கிழக்கில் வாமெய் கரை கடந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 1.4 பாகையில் உருவான சூறாவளி. புத்தகத்தில் நடக்காது என்று படித்த இடத்தில் நடந்தது. அதன் மையத்துக்கு அருகில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றைப் பதிவுசெய்தது. அதை வைத்து அமெரிக்கர்கள் 'டைஃபூன்' என்றார்கள். ஜப்பானிய வானிலை முகமை இரண்டு படி கீழே, வெறும் வெப்பமண்டலப் புயல் என்று வகைப்படுத்தியது. 2001-இல் செயற்கைக்கோள் இருந்தும் இந்த நிலைமை. 1901-இல் அதே இடத்தில் அதே புயல் வந்து, பக்கத்தில் கப்பல் ஒன்றும் இல்லாமல் இருந்திருந்தால், ஜொகூர் கரையில் பெருமழை என்று மட்டுமே எழுதியிருப்பார்கள்.

நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த ரஜூலா கப்பலை நினைத்துப் பாருங்கள். 1926-இல் கட்டியது, வங்கக் கடலை ஏறக்குறைய அரை நூற்றாண்டு குறுக்கே ஓடியது. இந்த மாதிரிக் கப்பல்களின் நாட்குறிப்பில் கப்பலதிகாரிகள் குறித்துவைத்த அழுத்தமும் காற்றும்தான் செயற்கைக்கோளுக்கு முந்திய காலத்தில் நடுக்கடல் வானிலைக்குச் சாட்சி. கப்பல் போகும் தடத்தில் புயல் அகப்பட்டால் பதிவு. அகப்படாவிட்டால் அந்தப் புயலே இல்லை. அது மட்டுமல்ல, கம்பியில்லாத் தந்தி வந்த பிறகு எச்சரிக்கை கேட்ட கப்பல்கள் புயலை விலகிப் போகத் தொடங்கின. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அது மக்கள் வாழ்ந்த கரையில் ஏறியது. கடலிலேயே பிறந்து கடலிலேயே மடிந்தவற்றை யார் எண்ணினார்கள்?

அட்லாண்டிக்கில் இதை எண்ணிப் பார்த்தே இருக்கிறார்கள். அங்கே சூறாவளிப் பட்டியல் 1851-இல் தொடங்குகிறது. நேராகப் படித்தால் எண்ணிக்கை ஏறுகிறது. 2008-இல் வெக்கி, நட்சன் இருவரும் பழைய கப்பல் தடங்களை வரைபடத்தில் போட்டு, இன்றைய புயல்கள் அன்றைய கப்பல்களின் கண்ணில் எத்தனை பட்டிருக்காது என்று கணக்கிட்டு, விட்டுப்போனவற்றைச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு ஏற்றத்தில் பெரும்பகுதி மறைந்தது. கிறிஸ் லேண்ட்சீயும் சகாக்களும் 2010-இல் காட்டியது இன்னும் தெளிவு: பெருகியவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாள்கூட உயிர்வாழாத குட்டிப் புயல்கள். அவற்றைத்தான் பழைய காலத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

இதைக் கேட்டதும் சில மாணவர்கள் 'அப்படின்னா எல்லாம் பொய்தானா சார்' என்பார்கள். அங்கே நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். எண்ணிக்கை வேறு, வலிமை வேறு, மழை வேறு. ஐ.நா.வின் பருவநிலை அறிக்கை 2021-இல் சொன்னதும் அப்படித்தான்: நூறாண்டு அளவில் எல்லாச் சூறாவளிகளின் எண்ணிக்கைப் போக்கைப் பற்றி நம்பிக்கை குறைவு, ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்றாம் வகை முதல் ஐந்தாம் வகை வரையான பலமான சூறாவளிகளின் பங்கு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அது அசைக்க முடியாத இயற்பியல்.

கோலாலம்பூரில் நேரடிப் பதிவே அதைக் காட்டிவிட்டது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மழைமானிப் பதிவுகளையும் நுணுக்கமான கணினி மாதிரியையும் சேர்த்துப் பார்த்தது. ஒரு மணி நேரத்தில் கொட்டும் கனமழையின் தீவிரம் மூன்று பதிற்றாண்டுகளில் சுமார் 35 விழுக்காடு கூடியிருக்கிறது, சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. நாள் மழையாகப் பார்த்தால் ஏற்றம் மிகவும் குறைவு. கவனியுங்கள், பழைய பதிவேடுகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை எழுதியவை. காலை மழைமானியைக் காலி செய்து அளந்து ஒரு எண். சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததும், இரவெல்லாம் தூறியதும் அதில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும்.

இடி நாள் கணக்கும் அப்படியே. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடி கேட்கும். கேட்பது மனிதக் காது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விமான நிலைய ஓரத்தில் எட்டு மைல் தள்ளிய இடியைக் கேட்டு எழுத முடிந்தது. இன்றைய நெடுஞ்சாலை இரைச்சலில் முடியுமா? காது கேட்காததால் இடி குறைந்தது என்று யாராவது வரைபடம் போட்டால் அதுவும் பிழைதான், எதிர்த்திசையில்.

உங்கள் அப்பா சொன்னதை நான் தள்ளமாட்டேன். 2017 நவம்பர் 4 இரவை நானும் மறக்கவில்லை. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து தீபகற்பத்தைக் கடந்து வந்த தாழ்வழுத்தம், ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வேரோடு சாய்ந்த மரங்கள், ஏழு உயிர்கள். பினாங்கு வரலாற்றில் அப்படி ஒன்று எழுதப்பட்டதில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சி போக்கு ஆகாது. 1996-இல் கிரெக் என்ற வெப்பமண்டலப் புயல் சபாவில் 200-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. தீபகற்பத்தில் இருந்த நம்மில் எத்தனை பேர் அதை நினைவில் வைத்திருக்கிறோம்? நினைவு, தான் இருந்த இடத்தில்தான் பதிவு செய்யும், அந்தக் கப்பலைப் போல.

அப்பா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் அவரிடம் ஒன்று கேளுங்கள். ஆபீஸ் வாசலில் மழைமானி இருந்ததா? மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்டு கிடையாது என்பதால் பல தோட்டங்களில் மழையை நாள் தவறாமல் அளந்தார்கள். கிராணி (தோட்ட எழுத்தர்) காலையில் அளந்து புத்தகத்தில் ஏற்றுவார், பெரும்பாலும் நம் தமிழர். ஜூன், ஜூலையில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்று, பால் வெட்டு நேரத்தைத்தான் வந்து அடிக்கும். அதனால் 'காலை மழை, வெட்டு இல்லை' என்ற குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு புயல்வரிசை கடந்துபோனதற்கான நேரடிச் சாட்சி ஆகலாம். நாள் மழை எண்ணில் கிடைக்காத நேரம் அந்த நான்கு சொற்களில் இருக்கிறது.

பிரிட்டனில் 2020-இல் ஊரடங்கின்போது 16,000 பேர் வீட்டிலிருந்தபடி பழைய மழைத் தாள்களிலிருந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளைக் கணினியில் ஏற்றினார்கள். நம் தோட்டப் புத்தகங்களில் பல, தோட்டம் துண்டாடப்பட்டபோது கரையானுக்குப் போய்விட்டன. எங்காவது ஒரு பழைய அலமாரியில் ஒன்று மிஞ்சியிருந்தால் உங்கள் மாணவர்கள் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கட்டும். எண்ணுள்ள கட்டம் மட்டும் அல்ல, ஓரக் குறிப்புகளும் அட்டையும் சேர்த்து. தோட்டத்தின் பெயர், பிரிவு, மழைமானி எங்கே நின்றது, அங்குலமா மில்லிமீட்டரா, எத்தனை மணிக்கு அளந்தார்கள், யார் கையெழுத்து எந்த ஆண்டில் மாறியது, இவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அப்படி ஒரு புத்தகம் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். பக்கத்து ஊரான பிறையில்தான் இருக்கிறேன், ஒரு சனிக்கிழமை பள்ளிக்கே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் ஆண்டைச் சேர்ந்து ஏற்றித் தருகிறேன்.